வரிசை எண்ணை நகர்த்துவது: சிவகாசி விலைப்பட்டியலும் தரவுத்தளங்களின் தனித்தன்மை நிபந்தனையும்

தீபாவளிக்கு முன்பு சிவகாசியிலிருந்து வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகப் போகும் பட்டாசு விலைப்பட்டியலில் முதல் பத்தி வரிசை எண். அடுத்து சரக்கின் பெயர், பெட்டிக்கு எத்தனை உருப்படி, அச்சு விலை, தள்ளுபடி போக விலை; கடைசியில் எத்தனை பெட்டி வேண்டும் என்று எழுத ஒரு காலிக் கட்டம். குருவி வெடி, லட்சுமி வெடி என்று ஒற்றை வெடியில் தொடங்கி, தரைச்சக்கரம், புஸ்வாணம், சாட்டை, பென்சில், ராக்கெட் என்று இறங்கி, மத்தாப்பு, கிஃப்ட் பாக்ஸில் முடியும். ஆர்டர் கொடுப்பவர் சரக்கின் பெயரை எழுதிக்கொண்டிருப்பதில்லை. "12 அஞ்சு, 47 ரெண்டு" என்று எண்ணைத்தான் அனுப்புவார்.

2018 அக்டோபர் 23 அன்று உச்ச நீதிமன்றம் இணையவழிப் பட்டாசு விற்பனைக்குத் தடை விதித்தது. அதற்குப் பிறகு இந்த எண்ணின் சுமை இன்னும் கூடியது. பல கடைகளின் இணையதளத்தில் இன்று இருப்பது விற்பனைப் பக்கமல்ல, விசாரணைப் படிவம். வேண்டியதைக் குறித்து அனுப்பினால், கடையிலிருந்து போனில் கூப்பிட்டு உறுதி செய்வார்கள். அந்தப் பேச்சு முழுக்க எண்களில் நடக்கிறது. ஒரே பட்டியலில் இரண்டு சரக்குக்கு ஒரே எண் விழுந்துவிட்டால், மதுரைக்குப் போக வேண்டிய பெட்டியில் வேறு சரக்கு போய்ச் சேரும். ஆகவே பட்டியலைத் தரவுத்தளத்தில் வைப்பவர் வரிசை எண் பத்தியின் மேல் ஒரு யூனிக் நிபந்தனை போடுகிறார்: எந்த இரண்டு வரியிலும் இந்த எண் ஒன்றாக இருக்கக் கூடாது. போட வேண்டிய நிபந்தனைதான்.

சிக்கல் அடுத்த சீசனில் வருகிறது. புதிதாக ஒரு வண்ணப் புஸ்வாணம் வந்திருக்கிறது. அது பட்டியலின் அடியில் கிடந்தால் யார் கண்ணிலும் படாது. புஸ்வாணங்களோடு சேர்ந்திருக்க வேண்டும். அப்படியானால் அந்த இடத்துக்குக் கீழே உள்ள எல்லாமே ஓர் எண் இறங்க வேண்டும். தரவுத்தள மொழியில் இதற்கு ஒரே ஒரு வாக்கியம் போதும்: வரிசை எண் இத்தனையும் அதற்கு மேலும் உள்ள வரிகளில் எண்ணோடு ஒன்றைக் கூட்டு. எழுதி ஓட்டினால் சில தரவுத்தளங்கள் சத்தமில்லாமல் செய்து முடிக்கின்றன. வேறு சில, ஒரே எண் இரண்டு முறை வருகிறது என்று பிழை சொல்லி நின்றுவிடுகின்றன. வாக்கியமும் நிபந்தனையும் தரவும் ஒன்றுதான். முடிவு மட்டும் ஏன் மாறுகிறது, யார் செய்வது சரி, பட்டியல் வைத்திருப்பவர் என்ன செய்ய வேண்டும் என்ற மூன்று கேள்விகளும் ஒன்றோடொன்று பின்னியவை.

முதலில் கோட்பாடு. ஐபிஎம் நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வுக்கூடத்தில் இருந்த எட்கர் காட், 1970 ஜூனில் வெளியிட்ட கட்டுரையில் தரவைக் கணங்களாகப் பார்க்கச் சொன்னார். கணத்தில் முதல் உறுப்பு, இரண்டாம் உறுப்பு என்று எதுவும் கிடையாது. ஆகவே அட்டவணையின் வரிகளுக்கும் இயல்பான வரிசை கிடையாது. இதன் நேரடி விளைவு, பல வரிகளைத் தொடும் மாற்றம் ஒரே அசைவு என்பது. பழைய கணம் போகிறது, புதிய கணம் வருகிறது. நடுவில் எதுவும் இல்லை. பழைய பட்டியலிலும் எண்கள் தனித்தனி, புதிய பட்டியலிலும் தனித்தனி. நிபந்தனை எங்கேயும் மீறப்படவில்லை. எஸ்கியூஎல் மொழியின் தரநிலையும் இதையே சொல்கிறது: தனித்தன்மையைச் சோதிக்க வேண்டிய இடம் வாக்கியத்தின் முடிவு. 1992-ல் வந்த தரநிலை இன்னும் ஒரு படி போய், விரும்பினால் சோதனையை டிரான்சாக்ஷனின், அதாவது ஒன்றாக நிறைவேறும் அல்லது ஒன்றாக ரத்தாகும் வாக்கியத் தொகுப்பின், முடிவுவரைக்கும் ஒத்திவைக்கலாம் என்று வழி வைத்தது.

ஆனால் இயந்திரம் ஒரு நேரத்தில் ஒரு வரியைத்தான் தொட முடியும். ஐந்து வரி கொண்ட பட்டியலை எடுத்துக்கொள்வோம். 1 குருவி வெடி, 2 லட்சுமி வெடி, 3 தரைச்சக்கரம், 4 ராக்கெட், 5 கம்பி மத்தாப்பு. 3-ஆம் இடத்தில் வண்ணப் புஸ்வாணத்தை நுழைக்க வேண்டும். இயந்திரம் தரைச்சக்கரத்தை முதலில் எடுத்து 4 ஆக்கப் பார்க்கிறது. அங்கே ராக்கெட் இன்னும் உட்கார்ந்திருக்கிறது. யூனிக் நிபந்தனையைக் காப்பது ஓர் இன்டெக்ஸ். அதில் 4 என்ற சாவியைச் செருகப் போன அந்தக் கணத்திலேயே அங்கு ஏற்கெனவே ஒரு 4 இருப்பது தெரிகிறது. அங்கேயே பிழை. இதுவே கம்பி மத்தாப்பிலிருந்து தொடங்கியிருந்தால் 5 ஆறாகும், 4 ஐந்தாகும், 3 நான்காகும். ஓரிடத்திலும் மோதல் இருக்காது. பெரிய எண்ணிலிருந்து சிறியதுக்கு வந்தால் வேலை முடிகிறது, சிறியதிலிருந்து பெரியதுக்குப் போனால் முதல் அடியிலேயே முட்டுகிறது.

எண்ணைக் குறைக்கும்போது இது அப்படியே தலைகீழாகிறது. அதே 2018 தீர்ப்பு சரவெடிக்கும் தடை விதித்தது. பட்டியலிலிருந்து சரவெடி வரியை எடுத்துவிட்டுக் கீழே உள்ளவற்றை ஓர் எண் மேலே ஏற்றினால், ஏறுவரிசையில் போகும் இயந்திரத்துக்குத் தடையே இல்லை. காலியான இடத்துக்கு முதலாமவர் போகிறார், அவர் விட்ட இடத்துக்கு அடுத்தவர். வரிகள் பெரும்பாலும் உள்ளிட்ட வரிசையிலேயே, அதாவது ஏறுவரிசையிலேயே, எடுக்கப்படுவதால், நீக்கும் வேலை நடக்கிறது, சேர்க்கும் வேலை நடக்கவில்லை என்ற புதிரான நிலை நிரல் எழுதுபவருக்கு வருகிறது. இதைவிட மோசமானது, சேர்ப்பதுகூடச் சில நாள் நடக்கும், சில நாள் நடக்காது என்பது. போஸ்ட்கிரெஸ் போன்ற தரவுத்தளத்தில் ஒரு வரியைத் திருத்தினால் அதன் புதிய வடிவம் வட்டில் வேறோர் இடத்தில் எழுதப்படலாம். அடுத்த முறை வரிகளை எடுக்கும் வரிசை மாறிவிடும். நாலு வரி வைத்துச் சோதித்தபோது ஓடிய வாக்கியம், புரட்டாசி பிறந்து ஆர்டர் குவியும் வேளையில் நிற்கிறது. நிரலில் யாரும் ஓர் எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள்.

வரிகளை எடுக்கும் வரிசை முடிவைக் கெடுக்கக்கூடும் என்பது புதுக் கண்டுபிடிப்பல்ல. 1970-களின் நடுவில் ஐபிஎம்மின் சிஸ்டம் ஆர் திட்டத்தில் டான் சேம்பர்லின், பாட் செலிங்கர், மார்ட்டன் ஆஸ்ட்ரஹான் ஆகியோர் ஒரு விபரீதத்தைக் கண்டார்கள். 25,000 டாலருக்குக் கீழ் சம்பளம் வாங்குவோருக்கு 10 சதவீதம் உயர்வு என்று ஒரு வாக்கியம். ஓடி முடிந்ததும் பார்த்தால் ஒருவர்கூட 25,000-க்குக் கீழே இல்லை. சம்பள இன்டெக்ஸ் வழியாக வரிகளை எடுத்ததால், உயர்வு பெற்றவர் இன்டெக்ஸில் முன்னால் தள்ளிப் போய், இயந்திரம் அங்கே வந்ததும் மறுபடி அகப்பட்டு, மறுபடி உயர்வு பெற்றார். வரம்பைத் தாண்டும்வரை இது நடந்தது. அன்று அக்டோபர் 31, ஹாலோவீன் நாள். அதனால் அதற்கு ஹாலோவீன் சிக்கல் என்றே பெயர் நிலைத்துவிட்டது. விலைப்பட்டியலில் 100 ரூபாய்க்குக் கீழான சரக்குக்கு மட்டும் விலை ஏற்றும் வாக்கியமும் இதே இனம்தான். இதற்குத் தீர்வு அப்போதே தெளிவானது: எந்தெந்த வரி என்பதை முதலில் முடிவு செய், பிறகு மாற்று, படிப்பதையும் எழுதுவதையும் கலக்காதே. இந்தப் பாடத்தைத் தரவுத்தளத் துறை முழுவதும் ஏற்றுக்கொண்டது. இன்று இந்தப் பிழையோடு ஒரு தரவுத்தளம் வந்தால் யாரும் தொட மாட்டார்கள். அதே வரிசைச் சார்பு தனித்தன்மைச் சோதனையில் தலைகாட்டும்போது மட்டும், இது தெரிந்த வரம்புதான் என்று ஏன் பொறுத்துப்போகிறோம்? எனக்கு இது நியாயமாகப் படவில்லை.

வரிசையைச் சரிசெய்தால் போதும் என்று நினைப்பவர்களுக்கு ஒரு சோதனை உண்டு. 3-ஐயும் 4-ஐயும் இடம் மாற்றுங்கள். தரைச்சக்கரத்தை முதலில் எடுத்தாலும் மோதும், ராக்கெட்டை முதலில் எடுத்தாலும் மோதும். நகர்த்தல் என்பது சங்கிலி. அதன் ஒரு முனையில் காலி இடம் இருக்கிறது, அங்கிருந்து தொடங்கினால் பின்னாலேயே எல்லாரும் வந்துவிடலாம். இடமாற்றம் என்பது வட்டம். வட்டத்துக்கு முனை கிடையாது. கடையின் உரிமையாளர் கணினித் திரையில் ஒரு சரக்கை இழுத்து வேறோர் இடத்தில் விடும்போது உண்டாவது இந்த வட்டம்தான்: ஒரு வரி மேலே போகிறது, நடுவில் உள்ளவை எல்லாம் ஒவ்வோர் அடி இறங்குகின்றன. வரிக்கு வரி சோதிக்கும் இயந்திரத்தில், எந்த வரிசையில் போனாலும் இதை ஒரே வாக்கியத்தில் முடிக்க வழியில்லை.

இனி ஒவ்வொரு தரவுத்தளமும் என்ன செய்கிறது என்று பார்ப்போம். எனக்கு அதிகம் பிடித்தது எஸ்கியூஎல் சர்வரின் வழி. யூனிக் சாவியைப் பல வரிகளில் மாற்றும் வாக்கியம் வந்தால், அது ஒவ்வொரு மாற்றத்தையும் ஒரு நீக்கமாகவும் ஒரு சேர்ப்பாகவும் பிளக்கிறது. நம் பட்டியலில் 3, 4, 5 நீங்குகின்றன. 4, 5, 6 சேர்கின்றன. பிறகு இந்த ஆறையும் சாவிப்படி அடுக்குகிறது. அடுக்கியதும் 4-க்கு ஒரு நீக்கமும் ஒரு சேர்ப்பும் பக்கத்தில் பக்கத்தில் வந்துவிடுகின்றன, 5-க்கும் அப்படியே. அந்த ஜோடிகளை, அதே சாவியில் உள்ளடக்கம் மட்டும் மாறுவதாகச் சுருக்கிவிடுகிறது. மிஞ்சுவது 3-இன் நீக்கமும் 6-இன் சேர்ப்பும்தான். இன்டெக்ஸ் எந்தக் கணத்திலும் இரட்டை எண்ணைப் பார்க்கவே இல்லை. இடமாற்ற வட்டமும் இதே வழியில் கரைந்துபோகிறது. கணக் கோட்பாடு சொன்ன ஒரே அசைவை நடைமுறைப் பொறியாக்கிக் காட்டியிருக்கிறார்கள். ஆனால் டிரான்சாக்ஷன் முடிவுவரை சோதனையை ஒத்திவைக்கும் வசதி எஸ்கியூஎல் சர்வரில் இல்லை. ஆரக்கிளில் இரண்டும் உண்டு: வழக்கமாக வாக்கிய முடிவில் சோதனை, முன்கூட்டி அறிவித்திருந்தால், டிரான்சாக்ஷனை முடித்து உறுதி செய்யும் கமிட் வரை ஒத்திவைப்பு.

போஸ்ட்கிரெஸ் நேர்மையாக ஒப்புக்கொள்ளும் இனம். வழக்கமான யூனிக் நிபந்தனையை அது ஒவ்வொரு வரியிலும் உடனே சோதிக்கிறது. தரநிலை சொல்வது வேறு என்று அதன் கையேடே எழுதுகிறது. 2010-ல் வந்த 9.0 பதிப்பிலிருந்து மாற்று வழி உண்டு. நிபந்தனையை ஒத்திவைக்கத்தக்கது என்று அறிவித்துவிட்டால், சோதனை வாக்கிய முடிவுக்கோ டிரான்சாக்ஷன் முடிவுக்கோ போகும். அப்போது இன்டெக்ஸில் மோதல் தென்பட்டதும் பிழை சொல்லாமல், இந்த வரியைப் பிறகு பார் என்று குறித்து வைத்துக்கொள்கிறது. குறிப்புகள் கூடினால் நினைவகமும் நேரமும் செலவாகும். வேறு விலைகளும் உண்டு. இப்படி அறிவித்த நிபந்தனையை வேறோர் அட்டவணையின் அயல் சாவி, அதாவது அங்கிருந்து இங்குள்ள வரியைக் குறிக்கும் பத்தி, சுட்ட முடியாது. மோதினால் பழையதைத் திருத்து என்ற வகைச் செருகலுக்கும் இது உதவாது. வெறும் யூனிக் இன்டெக்ஸை ஒத்திவைக்கவும் முடியாது. அது நிபந்தனையாக அறிவிக்கப்பட்டிருக்க வேண்டும்.

மைஎஸ்கியூஎல் வரிக்கு வரி சோதிக்கும், ஒத்திவைப்பு கிடையாது. அதற்குப் பதிலாக, திருத்தும் வாக்கியத்திலேயே எந்த வரிசையில் போக வேண்டும் என்று எழுத ஆர்டர் பை வசதி தருகிறது. எண்ணைக் கூட்டும்போது இறங்குவரிசை கேள் என்று அதன் கையேடு நம் பட்டியலைப் போன்ற உதாரணத்தோடே சொல்கிறது. சங்கிலிக்கு இது போதும், வட்டத்துக்குப் போதாது. ஒரே அட்டவணையைத் திருத்தும்போதுதான் இதை எழுத முடியும், பல அட்டவணைகளைச் சேர்த்துத் திருத்தும்போது முடியாது. எஸ்கியூலைட்டில் கவனம் இன்னும் அதிகம் தேவை. அதைத் தொகுக்கும்போது ஒரு தெரிவைச் சேர்த்தால் ஆர்டர் பை எழுத இடம் கிடைக்கும். ஆனால் எத்தனை வரி என்ற வரம்புக்குள் எவை வரும் என்பதைத்தான் அது தீர்மானிக்கும். வரிகள் திருத்தப்படும் வரிசையை அது கட்டுப்படுத்தாது. பார்வைக்கு மைஎஸ்கியூஎல் வாக்கியம் போலவே இருக்கும், பொருள் வேறு. செல்போன் செயலியில் எஸ்கியூலைட்டும் சர்வரில் மைஎஸ்கியூஎல்லும் வைத்திருப்பவர் இந்த இடத்தில் எளிதில் இடறுவார்.

வட்டத்தை உடைக்க நடைமுறையில் கையாளும் வழி, எல்லாரையும் ஒரு முறை ஊருக்கு வெளியே கூட்டிப்போய்த் திரும்ப அழைப்பது. முதல் வாக்கியத்தில் நகர வேண்டிய எண்களை எல்லாம் எதிர்மறையாக்கு. இரண்டாவதில் புதிய எண்ணாகத் திருப்பு. எதிர்மறை எண் எதுவும் அதுவரை அட்டவணையில் இல்லை என்பதால் எந்த அடியிலும் மோதல் இல்லை. வழி நல்லதுதான், சில இடங்களில் வழுக்கும். பத்தியை எதிர்மறை ஏற்காத வகையாக அறிவித்திருந்தாலோ, எண் பூஜ்யத்துக்கு மேல் இருக்க வேண்டும் என்று செக் நிபந்தனை இருந்தாலோ முதல் வாக்கியமே நிற்கும். பழைய மைஎஸ்கியூஎல் செக் நிபந்தனையைப் படித்துவிட்டுச் சும்மா விட்டுவிடும். 2019-ல் வந்த 8.0.16 முதல்தான் அதை உண்மையாகச் செயல்படுத்துகிறது. பதிப்பை உயர்த்திய அன்று பழைய தந்திரம் பலிக்காமல் போனவர்களுக்குக் காரணம் இதுவாக இருக்கலாம். இரண்டு வாக்கியமும் ஒரே டிரான்சாக்ஷனுக்குள் இருக்க வேண்டும் என்பது அதைவிட முக்கியம். இல்லையென்றால் நடுவில் மின்சாரம் போனால் பட்டியல் எதிர்மறை எண்களோடு நிற்கும். எதிர்மறைக்குப் பதில் எண்ணையே வெற்றாக்கி, அதாவது நல் ஆக்கி, இடம் விடுபவர்களும் உண்டு. பெரும்பாலான தரவுத்தளங்களில் நல் எத்தனை இருந்தாலும் யூனிக் மோதாது. எஸ்கியூஎல் சர்வரின் யூனிக் நிபந்தனையில் ஒன்றுக்கு மேல் ஏற்காது. எண்களுக்கு நடுவே 10, 20, 30 என்று இடைவெளி விட்டு வைப்பது இன்னொரு பழைய உத்தி. வாங்குபவர் கண்ணில் படாத உள் எண்ணுக்கு அது பொருந்தும். அச்சுப் பட்டியலில் அப்படி விட்டால் நடுவில் எது விட்டுப்போனது என்று போன் வரும்.

கிறிஸ் டேட், ஹியூ டார்வன் இருவரும் இந்தத் துறையில் கறாரான கோட்பாட்டாளர்கள். டிரான்சாக்ஷன் முடிவுவரை ஒத்திவைப்பதை அவர்கள் ஏற்பதில்லை. ஒவ்வொரு வாக்கியத்தின் முடிவிலும் தரவு சரியாக இருக்க வேண்டும். பல மாற்றங்கள் சேர்ந்துதான் சரியாகும் என்றால் அவற்றை ஒரே வாக்கியமாக எழுத மொழி இடம் தர வேண்டும் என்பது அவர்கள் வாதம். நான் அவர்கள் பக்கம். கமிட் வரை ஒத்திவைத்தால், நடுவில் ஓடும் ஒவ்வொரு கேள்வியும் தவறான பட்டியலைப் பார்த்துப் பதில் சொல்லக்கூடும். கடைசியில் வரும் பிழை எந்த வாக்கியத்தால் வந்தது என்றும் தெரியாது. வாக்கிய முடிவில் சோதிப்பதே நடுநிலையான இடம். வரிக்கு வரி சோதிப்பது வேகத்துக்காகச் செய்த சமரசம். அந்தச் சமரசத்தின் சுமையை நிரல் எழுதுபவர் தலையில் இறக்கிவைத்திருக்கிறோம்.

இத்தனையும் எண்ணை நகர்த்தியே ஆக வேண்டும் என்ற எடுகோளில் நிற்கின்றன. அந்த எடுகோளையும் சோதிக்க வேண்டும். சிவகாசி இருக்கும் விருதுநகர் மாவட்டத்திலேயே எண்கள் பலவிதம். பட்டாசு ஆலையில் ஒவ்வோர் அறைக்கும் எண் உண்டு. உரிமத்தோடு அங்கீகரித்த வரைபடத்தில் இருக்கும் அதே எண். அறை வாசலில் எண்ணோடு, எத்தனை பேர் இருக்கலாம், எவ்வளவு மருந்து இருக்கலாம் என்பதும் எழுதப்பட்டிருக்கும். ஆய்வறிக்கையும் உரிமமும் அந்த எண்ணைத்தான் சுட்டுகின்றன. நடுவில் ஓர் அறை கட்டினோம் என்பதற்காக எல்லா அறைக்கும் எண்ணை நகர்த்துவது நினைத்துப் பார்க்கக்கூடிய காரியமல்ல. அந்த எண் அறையின் அடையாளம்.

பில் எண் வேறு விதம். ஜிஎஸ்டி விதிகளில் 46-ஆம் விதி, விற்பனை பில்லின் எண் தொடர்ச்சியானதாகவும், 16 எழுத்துக்கு மிகாமலும், அந்த நிதியாண்டுக்குள் தனித்ததாகவும் இருக்க வேண்டும் என்கிறது. கவனிக்க வேண்டியது, ஆண்டு என்ற எல்லை. தனித்தன்மை நிபந்தனையை எப்படி எழுத வேண்டும் என்பதற்குச் சட்டத்திலேயே இருக்கும் நல்ல மாதிரி இது: நிறுவனம், நிதியாண்டு, எண் மூன்றும் சேர்ந்தது யூனிக். ஏப்ரல் 1 அன்று எண் மறுபடி 1-இல் தொடங்கலாம், பழைய பில் எதுவும் அசையாது.

சட்டமன்றத் தொகுதி எண்களும் இப்படித்தான். இன்று இந்த மாவட்டத்தில் ராஜபாளையம் 202, ஸ்ரீவில்லிபுத்தூர் 203, சாத்தூர் 204, சிவகாசி 205, விருதுநகர் 206, அருப்புக்கோட்டை 207, திருச்சுழி 208. இவை 2008 தொகுதி மறுவரையறைக்குப் பின் வந்த எண்கள். 2011 தேர்தல் இவற்றில்தான் நடந்தது. அதே மறுவரையறையில் சிவகாசி மக்களவைத் தொகுதி போய், விருதுநகர் மக்களவைத் தொகுதி வந்தது. தேர்தல் முடிவுகளைத் தரவுத்தளத்தில் வைப்பவர் தொகுதி எண்ணை மட்டும் சாவியாக்கிப் பழைய வரிகளின் மேல் புதிய எண்ணை எழுதினால், 2006 முடிவு முழுவதும் தவறான ஊரோடு ஒட்டிக்கொள்ளும். மறுவரையறை ஆண்டையும் எண்ணையும் சேர்த்துச் சாவியாக்கினால் ஒரு வரியையும் திருத்த வேண்டியதில்லை. புதிய வரிகளைச் சேர்த்தால் போதும்.

விலைப்பட்டியல், ஓர் எல்லைக்குள் மட்டும் எண் தனித்திருக்கும் இந்த இரண்டாம் இனத்தைச் சேர்ந்தது என்பது என் துணிபு. கடையின் கணினியில் எண்ணை நகர்த்தலாம். கோயம்புத்தூரில் ஒருவர் போனில் ஏற்கெனவே இறங்கிய பிடிஎஃப் கோப்பில் நகர்த்த முடியாது. அவர் பழைய பட்டியலைப் பார்த்து 12 என்கிறார், இவர் புதிய பட்டியலைப் பார்த்து 12-ஐப் பெட்டியில் போடுகிறார். தரவுத்தளத்தில் எந்த நிபந்தனையும் மீறப்படவில்லை, ஆனால் சரக்கு மாறிவிட்டது. ஆர்டர் அட்டவணை, பட்டியல் எண்ணையே அயல் சாவியாக வைத்து, மாற்றம் தானாகப் பரவும்படி அமைத்திருந்தால், பழைய ஆர்டர்களின் எண்ணும் கூடவே மாறும். வாங்கியவர் கையில் இருக்கும் காகிதத்துக்கும் கடையின் பதிவுக்கும் பொருத்தமே இராது. அப்படிப் பரவ விடாமல் வைத்திருந்தால், எண்ணை நகர்த்தும் வாக்கியத்தையே தரவுத்தளம் மறுத்துவிடும்.

ஆகவே சரக்குக்கு ஒருபோதும் மாறாத உள் எண் ஒன்று வேண்டும். ஆர்டர்கள் அதைச் சுட்டட்டும். பட்டியலுக்கும் ஒரு வெளியீட்டு எண் வேண்டும். அது பட்டியலின் தலைப்பிலேயே அச்சாகட்டும். யூனிக் நிபந்தனை வெளியீட்டு எண்ணும் வரிசை எண்ணும் சேர்ந்த ஜோடியின் மேல். வண்ணப் புஸ்வாணம் வந்தால் அடுத்த வெளியீடு. அதற்கான வரிகள் புதிதாகச் செருகப்படும். செருகுவதில் நகர்த்தல் இல்லை, ஆகவே எந்தத் தரவுத்தளத்திலும் எந்த வரிசையிலும் மோதல் இல்லை. போனில் பேசும்போது முதல் கேள்வி, உங்கள் கையில் இருப்பது எத்தனையாவது பட்டியல் என்பது. இருநூறு வரி கொண்ட பட்டியலைச் சீசனுக்குப் பத்து முறை வெளியிட்டாலும் இரண்டாயிரம் வரிதான். இன்றைய தரவுத்தளத்துக்கு அது ஒரு பொருட்டே இல்லை.

நகர்த்தும் வேலை அப்போதும் ஓரிடத்தில் மிஞ்சும்: வெளியிடுமுன் உரிமையாளர் திரையில் சரக்குகளை இழுத்து இழுத்து அடுக்கிப் பார்க்கும் வரைவில். வரைவுக்குத் தனி அட்டவணை வைத்துவிடலாம். போஸ்ட்கிரெஸ் என்றால் அங்கே ஒத்திவைக்கத்தக்க நிபந்தனையைப் போடலாம். வேறெந்த அட்டவணையும் வரைவு எண்ணைச் சுட்டப்போவதில்லை என்பதால் அயல் சாவித் தடை இங்கே இடிக்காது. மைஎஸ்கியூஎல் என்றால் எதிர்மறைத் தந்திரத்தை ஒரே டிரான்சாக்ஷனுக்குள் வைத்துக்கொள்ளலாம். சீசனில் இரண்டு பேர் ஒரே வரைவை ஒரே நேரத்தில் அடுக்கினால் ஒருவர் பூட்டுக்காக மற்றவர் காத்து இருவரும் நின்றுவிடக்கூடும். அதனால் அடுக்கத் தொடங்குமுன் அந்த வரைவின் தலைப்பு வரியைப் பூட்டிக்கொள்வது நல்லது. இரண்டாமவர் முதலாமவர் முடிக்கும்வரை காத்திருப்பார், பிறகு முடிந்த வரிசையின் மேல் தன் மாற்றத்தைச் செய்வார்.